நாள்தோறும் கர்த்தரோடு: சாதாரண நாளில் ஆவிக்குரிய நிறைவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் ஒரு வருடம் எனக்கு எரேமியா 29:11 வந்தது. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.” அந்த அட்டையை பீரோ கண்ணாடியில் செருகி வைத்து, தினமும் அதைப் பார்த்து ஜெபித்தேன். அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தது பிப்ரவரி மாதத்தில்தான்.

அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன மக்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பியது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவோம் என்று மூட்டையை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கர்த்தர் எழுபது வருடம் என்று கெடு சொல்கிறார். அதுவரை என்ன செய்வது? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள். தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள். எந்தப் பட்டணத்தில் இருக்கிறீர்களோ அதன் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். அட்டையில் அச்சிடாத இந்த வசனங்கள்தான் அன்று என்னைப் பிடித்து உலுக்கின. கர்த்தர் தம்முடைய பெரிய வாக்குத்தத்தத்தை வீடு, தோட்டம், சாப்பாடு, பிள்ளைகள் ஆகியவற்றுக்கு நடுவில் வைத்திருந்தார். நான் அதை வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

நம்மில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. கன்வென்ஷன் பந்தலில் கண்ணீர்விட்டு அழுகிறோம். உபவாச ஜெபத்தில் உள்ளம் நிரம்புகிறது. வீடு திரும்பிப் பத்து நாளில் மறுபடியும் வறட்சி. அந்தக் கூட்டங்களை நான் குறை சொல்லவில்லை. என் மனந்திரும்புதலே அப்படியொரு கூட்டத்தில்தான் தொடங்கியது. ஆனால் அடுத்த கூட்டம் வரை தாங்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து வைக்க முடியாது. தினமும் இறைக்க வேண்டும். அதற்கான கிணறு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பதே இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் மூன்று படிகளில் ஒரு மாதமாவது நின்று, பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.

முதல் படி: எது குறைவு என்று பெயர் சொல்லுங்கள்

எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயு குருடன் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இயேசு, தாம் என்ன செய்ய வேண்டும் என்று அவனிடம் கேட்டார். அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டதாக எடுத்துக்கொண்டு, ஒரு தாளில் பதில் எழுதுங்கள். “ஆவிக்குரிய வளர்ச்சி வேண்டும்” என்று எழுதினால் அது பதிலாகாது. “ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது”, “அண்ணனோடு பேசி மூன்று வருடம் ஆகிறது”, “அம்மா இறந்த பிறகு கர்த்தர்மேல் கோபமாக இருக்கிறது”, “ஒரு பாவத்தை விட முடியவில்லை” என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

எழுதும்போதே சிலவற்றின் வேர் தெரிந்துவிடும். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்டான். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பிடச் சொன்னான். ஓரேபில் அமர்ந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டது அதற்குப் பிறகுதான். ஐந்து மணி நேரம்கூடத் தூங்காதவர்கள் தங்கள் வறட்சிக்குப் பாவத்தைக் காரணமாகத் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் தூங்குங்கள். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், உயிர்வாழவே விருப்பமில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

“உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி” ஜெபம்பண்ணு என்கிறது மத்தேயு 6:6. தனி அறை இல்லாதவர்களுக்கு இந்த வசனம் நெருடலாக இருக்கும். மூலத்தில் அங்கே வரும் கிரேக்கச் சொல் தமேயோன். காகங்களுக்குப் பண்டசாலை இல்லை என்று லூக்கா 12:24இல் பண்டசாலையைக் குறிப்பதும் அதே சொல்தான். அதாவது தானியமும் சாமான்களும் வைக்கும் உள்ளறை. இயேசு சொன்ன ஜெப அறை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கலாம். ஆகவே அடுப்படியில் ஒரு மூலை போதும். மொட்டைமாடிப் படிக்கட்டு, நிறுத்திவைத்த ஸ்கூட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி, எதுவானாலும் சரி. ஒரே இடமாக இருக்கட்டும். உடம்பு அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும்.

நேரம் பதினைந்து நிமிடம். ஒரு மணி நேரத்தில் தொடங்குகிறவர்கள் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இயேசு “அதிகாலையில், இருட்டோடே” எழுந்து போனார் என்று மாற்கு எழுதுகிறார். முடிந்தவர்களுக்கு அதுவே நல்லது. கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்த தாய்க்கும் இரவுப் பணி முடிந்து வரும் நர்ஸுக்கும் அதிகாலை என்பது வேறு. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகான பதினைந்து நிமிடத்தைக் கர்த்தர் குறைவாக மதிப்பதில்லை.

கைபேசியை வேறு அறையில் வையுங்கள். கைபேசியில் வேதம் வாசிப்பது தவறில்லை என்றாலும், இந்தப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் அச்சிட்ட வேதாகமமே வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வேன். 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. தாளில் வேதத்தைத் தொட்டு வாசிக்கும் பேறு நமக்கு முந்நூறு வருடமாக இருக்கிறது.

மூன்றாம் படி: ஒரு சங்கீதம், மெதுவாக

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

“இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்” என்று முதல் சங்கீதம் தொடங்குகிறது. தியானம் என்றதும் கண்ணை மூடி மௌனமாக உட்காருவது நம் மனதில் வருகிறது. எபிரெயுவில் அங்கே இருக்கும் வினைச்சொல் ஹாகா. இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் (ஏசாயா 31:4), புறா முனகுவதற்கும் (ஏசாயா 38:14) அதே சொல் வருகிறது. வாயால் முணுமுணுத்து, விடாமல் பற்றிக்கொண்டு, சுவைத்துக்கொண்டிருப்பது. நம் மொழியில் அசைபோடுவது. ஆகவே சத்தமாக, உதடு அசைய வாசியுங்கள்.

12ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த கீகோ என்ற துறவி இதை நான்கு படிகளாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், தேவனில் இளைப்பாறுதல். உணவை வாயில் வைப்பது, மெல்லுவது, சுவையை உணர்வது, அதன் இனிமையில் நிறைவது என்று அவர் உவமை சொன்னார். நம் வழக்கமான வேத வாசிப்பில் முதல் படியோடு நின்றுவிடுகிறோம். வருடத்துக்குள் வேதாகமத்தை முடிக்க வேண்டும் என்று நாளுக்கு மூன்று அதிகாரம் ஓடுகிறோம். வாயில் வைத்ததை மெல்லாமல் விழுங்கினால் வயிறு நிறையலாம், உடம்பில் ஒட்டாது.

நடைமுறையில் எப்படி என்று 131ஆம் சங்கீதத்தை வைத்துக் காட்டுகிறேன். மூன்றே வசனம்.

முதல் முறை முழுவதையும் நிதானமாகச் சத்தமாக வாசியுங்கள். எதையும் தேட வேண்டாம்.

இரண்டாம் முறை வாசிக்கும்போது எந்தச் சொல்லில் மனம் நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். எனக்கு அது எப்போதும் “தாயின் பால் மறந்த குழந்தையைப்போல” என்ற இடம். பால் குடிக்கும் குழந்தை தாயின் மடிக்கு வந்ததும் பாலைத் தேடி முட்டும், கிடைக்கும்வரை அழும். பால் மறந்த குழந்தை அப்படியில்லை. அதே மடியில் வந்து உட்காருகிறது, எதுவும் கேட்கவில்லை, தாய் இருப்பது போதும். நடுவில் சில நாட்கள் அந்தக் குழந்தை அழுது தீர்த்திருக்கும். வேப்பெண்ணெய் தடவியும் பாட்டியிடம் படுக்க வைத்தும் பால் மறக்கடித்த வீடுகளில் அந்த இரவுகள் எப்படியிருந்தன என்று எல்லாருக்கும் தெரியும். தாவீது சொல்லும் அமைதி அந்த இரவுகளுக்குப் பிறகு வந்தது.

மூன்றாம் முறை அதை ஜெபமாக்குங்கள். “கர்த்தாவே, நான் இன்னும் பாலுக்காகத்தான் உம்மிடம் வருகிறேன். வேலை வேண்டும், சுகம் வேண்டும் என்றே வருகிறேன். உமக்காக வரக் கற்றுத் தாரும்.” இப்படி உங்கள் சொந்தச் சொற்களில், பிரசங்கத் தமிழ் இல்லாமல் பேசுங்கள்.

கடைசியில் இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். இதுதான் கடினம். கேஸ் சிலிண்டர் நினைவுக்கு வரும், மகனின் தேர்வு வரும், நேற்று ஒருவர் சொன்ன சொல் வரும். அவற்றோடு சண்டை போட வேண்டாம். “இதுவும் உம்மிடம்” என்று ஒவ்வொன்றையும் மடியில் வைத்துவிட்டுத் திரும்புங்கள். இருபது முறை மனம் அலைந்தால் இருபது முறை திரும்பினீர்கள் என்று பொருள். அந்த இருபதும் ஜெபம்தான்.

ஒரு நோட்டில் தேதியும் நின்ற சொல்லும் மட்டும் எழுதுங்கள். ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

சங்கீதங்கள் 150. நாளுக்கு ஒன்று என்றால் ஐந்து மாதம். 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்கள் எட்டெட்டு வசனமாக 22 பகுதிகளாக அமைந்திருக்கின்றன. அதற்குத் தனியாக 22 நாட்கள் கொடுங்கள். வரிசையாகப் போவதில் ஒரு நன்மை உண்டு: நாம் தவிர்க்கும் சங்கீதங்களையும் வாசித்தாக வேண்டும். 23, 91, 121 நமக்கு மனப்பாடம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்கும் 13ஆம் சங்கீதத்தை எத்தனை வீடுகளில் சேர்ந்து வாசித்திருக்கிறோம்? 88ஆம் சங்கீதம் விடிவே இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்தவர் நம் அழுகைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். முதல் படியில் எழுதிய தாளை அந்த நாட்களில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வேலைக்கு நடுவே

“இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்” என்ற கட்டளையைப் பாலைவனத் துறவிகள் மிகவும் யோசித்தார்கள். யோவான் கசியான் என்பவர் அவர்களிடம் கற்று எழுதிவைத்த வழி எளியது: ஒரே வசனத்தை நாள் முழுவதும் சொல்லுங்கள். அந்த வசனம் சங்கீதம் 70:1, “தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.” பயத்திலும் சோதனையிலும் மகிழ்ச்சியிலும் அது பொருந்தும். நீளமாக இருந்தால் ஆயக்காரனின் ஜெபம் போதும்: “பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.”

வெறுமனே தீர்மானித்தால் பதினொரு மணிக்குள் மறந்துவிடும். எப்படியும் நடக்கும் செயல்களோடு அதைக் கட்டிவிடுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒருமுறை. பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஒருமுறை. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் திறக்கும் நேரத்தில், கடையில் ஷட்டர் தூக்கும்போது, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போது. மூன்று இடத்தில் தொடங்கினால் போதும்.

பாரிஸ் நகரத்தில் ஒரு கர்மேல் சபை மடத்தின் சமையற்கட்டில் பல வருடம் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் 1691இல் இறந்தார். போரில் காயப்பட்டுக் கால் ஊனமானவர். சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. சட்டி பானைகளின் இரைச்சலுக்கு நடுவிலும் நற்கருணைக்கு முன்னால் முழங்காலில் நிற்கும் அதே அமைதியில் தேவனோடு இருக்க முடிகிறது என்று அவர் சொன்னார். பிடிக்காத வேலையில் அந்த நிறைவைக் கண்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்ற கொலோசெயர் 3:23ஐ இங்கே கவனமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு முந்தின வசனம் அடிமைகளாக இருந்த வேலைக்காரரைப் பார்த்துப் பேசுகிறது. யாரும் மதிக்காத அவர்களுடைய உழைப்பைக் கர்த்தர் தமக்குச் செய்ததாக ஏற்றுக்கொள்கிறார். சம்பளத்தைக் குறைப்பவர்கள் தொழிலாளியின் வாயை அடைக்க இதைப் பயன்படுத்தினால், அதே நிருபத்தின் 4:1ஐ அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நீதியும் செவ்வையுமானதைச் செய்யும்படி எஜமான்களுக்கு அங்கே கட்டளை இருக்கிறது.

ஐந்தாம் படி: வீட்டு ஜெபம்

இரவு ஒன்பதரை மணி. பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். அப்பா நீண்ட அதிகாரம் ஒன்றை வாசித்து, பதினைந்து நிமிடம் ஜெபிக்கிறார். அந்த ஜெபத்துக்குள், “இந்தப் பிள்ளை கணக்கில் கவனமாக இருக்க உதவி செய்யும்” என்று கண்டிப்பும் நுழைகிறது. குடும்ப ஜெபத்தைப் பிள்ளைகள் வெறுப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. தயவுசெய்து ஜெபத்தில் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். திட்ட வேண்டியதை அவர்களிடமே நேரில் சொல்லுங்கள்; கர்த்தரிடம் அவர்களுக்காக நன்றி சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் வையுங்கள். ஒரு கீர்த்தனை, காலையில் ஒருவர் வாசித்த சங்கீதத்திலிருந்து நான்கு வசனம், ஒவ்வொருவரும் ஒரே ஒரு வாக்கிய ஜெபம், கர்த்தருடைய ஜெபம். மாதம் ஒரு கீர்த்தனையைப் பார்க்காமல் பாடப் பழகுங்கள். புத்தகத்தில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பழைய மெட்டை அவர்களிடம் கேளுங்கள். நினைவு தப்பிப் பிள்ளைகளின் பெயரே மறந்துபோன என் ஆச்சி, கீர்த்தனையின் முதலடியை நாங்கள் எடுத்துக் கொடுத்தால் கடைசிச் சரணம் வரை பாடினாள். அறுபது வருடத்துக்கு முன்னால் மாலை ஜெபத்துக்குக் கோவில் மணி அடித்தபோது ஓடிப்போய்ப் பாடிப் பழகியது.

அன்று பிள்ளையிடம் தவறாகக் கோபப்பட்டிருந்தால் இந்தப் பத்து நிமிடத்தில் மன்னிப்புக் கேளுங்கள். வீட்டில் நீங்கள் ஒருவர்தான் விசுவாசி என்றால் யாரையும் வற்புறுத்தி உட்கார வைக்க வேண்டாம். அவர்கள் பெயரை உங்கள் பதினைந்து நிமிடத்தில் வையுங்கள்.

ஆறாம் படி: கைப்பிடி அரிசி

அதே ஆச்சி உலையில் போட அரிசி அளந்ததும் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு தகர டப்பாவில் போடுவாள். கோவிலுக்கும் இல்லாதவர்களுக்குமான பங்கு அது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பல வீடுகளில் இருந்த வழக்கம். கையில் அரிசி இருக்கும்போதே யாராவது ஒருவரின் பெயரை முணுமுணுப்பாள். கொடுப்பதும் ஜெபிப்பதும் சமைப்பதும் அவளுக்கு ஒரே அசைவாக இருந்தன.

இன்று கடையில் ஐந்து கிலோ பை வாங்குகிறவர்களும் இதைச் செய்யலாம். அரிசியாகவே எடுத்து வையுங்கள். மாத முடிவில் நீங்களே கொண்டுபோய் ஒரு வீட்டில் கொடுங்கள். பணம் அனுப்பினால் உதவி போய்ச் சேரும். நேரில் போனால் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து பேச வேண்டி வரும்.

ஏழாம் படி: படுக்கும் முன் ஐந்து நிமிடம்

“தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்” என்ற சங்கீதம் 139:23ஐச் சொல்லிவிட்டு, காலையிலிருந்து நாளைத் திருப்பிப் பாருங்கள். இயேசு சபை என்ற துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) தம் சபையாருக்குத் தினசரிக் கடமையாக வைத்தது இந்த ஆய்வு. முதலில் நன்றி: இன்று கிடைத்த மூன்று நன்மைகள், மிகச் சிறியவையாக. பிறகு, எந்த நேரத்தில் கர்த்தர் பக்கத்தில் இருந்தார்? யாக்கோபு பெத்தேலில் விழித்து, “மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்” என்று சொன்னதுபோல, பெரும்பாலும் நமக்கும் பின்னால்தான் தெரியும். பிறகு, எங்கே தவறினேன்? கடைசியாக, நாளைக்கு யாரிடம் என்ன செய்ய வேண்டும்?

அந்தக் கடைசிக் கேள்வியில் அடிக்கடி ஒரே பெயர் வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5:24 உங்களுக்குத்தான். திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்கலாம். தொலைபேசியில் கூப்பிடுங்கள், யார் செய்தது சரி என்ற பேச்சுக்குள் போகாமல், “நான் சொன்னது தவறு” என்பதோடு நிறுத்துங்கள். ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிக்கிறவனை, துன்புறுத்துகிறவனை மனதில் மன்னிப்பது வேறு, அவன் கைக்கெட்டும் தூரத்தில் மறுபடியும் போய் நிற்பது வேறு. இரண்டாவதை வேதம் உங்களிடம் கேட்கவில்லை.

பிறகு, “சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்” என்ற 4ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தோடு விளக்கை அணையுங்கள்.

தவறிப்போகும் நாட்களுக்கு

தவறிப்போகும். காய்ச்சல் வரும், ஊரில் கலியாணம் வரும், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வரும். ஒன்பது நாள் வேதாகமத்தைத் தொடாமல் போகும். பத்தாம் நாள் ஒன்பது சங்கீதத்தையும் சேர்த்து வாசித்துக் கடனைத் தீர்க்க முயலாதீர்கள். பலர் நிரந்தரமாக விட்டுவிடுவது அந்த இடத்தில்தான். எனக்கும் அப்படி ஒரு வருடம் நழுவியது. இது ரேஷன் அட்டை அல்ல. வராத மாதத்துக்கு யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

வேதாகமத்தில் ஒரு துண்டுத் துணியோ ஓலை நறுக்கோ அடையாளமாக வையுங்கள். காய்ந்த குருத்தோலைச் சிலுவை இருந்தால் அதுவே போதும். திரும்பி வரும் நாளில், அடையாளம் இருக்கும் பக்கத்தைத் திறந்து, அன்றைய ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். நோட்டில் அன்றைய தேதியை எழுதி, பக்கத்தில் மனம் நின்ற சொல்லை எழுதுங்கள்.